யாஷிகா மேட் 124ஜி: நம்பிக் கொடுக்க ஒரு கேமரா மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

காவிரிக்கரை (கும்பகோணம்)

வணக்கம். என் பெரியப்பா இங்கே ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருடைய யாஷிகா மேட் 124ஜி, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள ஃபிலிம் கேமரா, இப்போது என்னிடம் இருக்கிறது. எங்கள் குடும்பத்துக் கல்யாண ஆல்பங்களில் பாதி இந்தக் கேமராவில் எடுத்தவைதான். அலமாரியில் வைத்து அழகு பார்க்க எனக்கு விருப்பமில்லை. 120 ஃபிலிம் போட்டு மறுபடியும் படம் எடுக்க வேண்டும்.

நிலைமை இது. 1/60 நொடி முதல் 1/500 நொடி வரை ஷட்டர் அடிக்கிறது. 1/15க்குக் கீழே போனால் திறந்தபடியே நிற்கிறது, இல்லாவிட்டால் இழுத்து இழுத்து மூடுகிறது. கீழ் லென்ஸின் உள்ளே ஓரத்தில் பூஞ்சை. வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் அசையவே இல்லை. ஃபிலிமை நகர்த்தும் கிராங்க் மட்டும் சீராகச் சுற்றுகிறது.

இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஒரு கடையில் பின்கதவைக்கூடத் திறந்து பார்க்காமல் ஒரு தொகை சொல்லி, வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வேறு ஊர்க்காரர் ஒருவர் போனில், "எல்லாம் புதுசு மாதிரி ஆயிடும், முழுப் பணத்தையும் முதல்ல அனுப்புங்க" என்றார். இரண்டு இடத்திலும் கொடுக்க மனம் வரவில்லை. பெயரும் நம்பரும் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். இங்கே நான் கேட்பது, ஒரு மெக்கானிக் நல்லவரா, வேலை தெரிந்தவரா என்று எடைபோடும் வழி.

---

இருட்டறை (சென்னை)

முதலில் ஒன்று. அந்த மெதுவான வேகங்களை அடித்து அடித்துப் பார்க்காதீர்கள். செல்ஃப் டைமர் லீவரைத் தொடவே வேண்டாம். யூடியூபில் பார்த்து எதையும் உள்ளே ஊற்றவும் வேண்டாம்.

நீங்கள் சொல்வது இந்தக் கேமராவுக்கு வழக்கமாக வரும் கோளாறுதான். உள்ளே இருப்பது கோப்பல் எஸ்வி ஷட்டர். 1 நொடி, 1/2, 1/4 போன்ற வேகங்களைப் பிடித்து நிறுத்துவது உள்ளே தனியாக இருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரத் தொகுதி. பல வருஷம் சும்மா கிடந்தால் அதிலுள்ள பழைய கிரீஸ் இறுகிவிடும். வேகமான எண்களுக்கு அந்தத் தொகுதியின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை, அதனால் அவை ஓடுகின்றன. கிராங்க் சீராக இருக்கிறது என்றால் பெரிய இயந்திரப் பாகங்கள் நன்றாக இருக்கின்றன என்று நினைக்கலாம். இது சரியாகக்கூடிய கேமரா.

---

நெகட்டிவ்400 (திருப்பூர்)

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ரிப்பேருக்கு ஆகும் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஓடுகிற இன்னொரு 124ஜியே வாங்கிவிடலாம். பெரியப்பாவுடையதை ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

இருட்டறை (சென்னை)

ஒத்துக்கொள்ள மாட்டேன். 124ஜி 1970-இல் வந்தது, 1986 வாக்கில் நின்றது. கடைசியாகச் செய்த ஒன்றைத் தேடிப் பிடித்தாலும் அதற்கும் ஏறத்தாழ 40 வயது. அதே கிரீஸ், பின்கதவில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் அதே பழைய பஞ்சு. "ஓடுகிறது" என்று விற்பவர் சொல்வது, பெரும்பாலும் 1/125-இல் ஒருமுறை அடித்துப் பார்த்ததை வைத்துத்தான். புதிதாக வாங்கினாலும் அடுத்த வருஷம் அதற்கும் ஒரு மெக்கானிக் வேண்டும். அப்போது இதே கேள்வியோடு இங்கேதான் வருவோம்.

இன்னொரு விஷயம். யாஷிகா 1983-இல் கியோசெராவிடம் போனது. கியோசெரா 2005-இல் கேமரா தொழிலையே விட்டுவிட்டது. கம்பெனியிலிருந்து ஸ்பேர் கிடைக்காது. நல்ல மெக்கானிக் இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் பாகம் எடுப்பார். அதனால் மலிவாக உடைந்த 124ஜி கண்ணில் பட்டால் வாங்கி அவரிடம் கொடுத்து வைப்பது புத்திசாலித்தனம். நெகட்டிவ்400 சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

---

பழைய ஸ்பேனர் (மதுரை)

காவிரிக்கரை, உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். என் அப்பா ஸ்டுடியோ கேமராக்களை ரிப்பேர் செய்தவர். தென்மாவட்டத்து ஸ்டுடியோக்காரர்கள் பஸ்ஸில் மஞ்சப்பையில் யாஷிகாவைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் அந்த மேஜைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன்.

நீங்கள் அவரிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதைவிட, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். வேலை தெரிந்தவர் விலை சொல்லும் முன்னால் நாலு கேள்வி கேட்பார். எந்த வேகத்திலிருந்து நிற்கிறது? குளிர்ச்சியாக இருக்கும் காலையில் அதிகமாக நிற்கிறதா? இதற்கு முன் யாராவது திறந்திருக்கிறார்களா? பூஞ்சை எந்தக் கண்ணாடியில், முன்னாலா பின்னாலா? மீட்டரில் என்ன பேட்டரி போட்டீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். 124ஜியில் மேல்மூடியைத் திறந்தால்தான் மீட்டருக்கு மின்சாரம் போகும். அதற்கான பழைய 625 மெர்குரி பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் "மீட்டர் போச்சு, மாத்தணும்" என்பவர் இந்தக் கேமராவை அதிகம் திறந்தவராக இருக்க முடியாது.

ஒவ்வொரு மாடலுக்கும் இப்படி ஒரு தனி அடையாளம் உண்டு. யாஷிகா எலெக்ட்ரோ 35 என்றால், "ஃபிலிம் லீவரைத் தள்ளும்போது உள்ளே டக் என்று சத்தம் கேட்கிறதா?" என்று கேட்க வேண்டும். அந்தச் சத்தம் இல்லையென்றால் உள்ளேயிருக்கும் சின்ன ரப்பர்த் துண்டு கரைந்துவிட்டது என்று அர்த்தம். கேனன் ஏஇ-1 என்றால், "அடிக்கும்போது இருமுகிற மாதிரி சத்தம் வருகிறதா?" உள்ளேயிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி ஏறி இறங்குவதைக் கட்டுப்படுத்தும் சக்கரத்தில் எண்ணெய் வற்றினால் அந்த இருமல் வரும். கேமராவின் பெயரைச் சொன்னவுடன் அதன் நோயைச் சொல்பவர் கையில் பத்துக் கேமராவாவது போயிருக்கும்.

அடுத்து ஸ்க்ரூ. அவர் சரிசெய்து வைத்திருக்கும் வேறு ஏதாவது கேமராவைக் காட்டச் சொல்லி ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். ஜப்பான் கேமராக்களில் இருப்பது ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர அளவு வகை. பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலவே இருக்கும், ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் ட்ரைவர் அதில் முழுதாக உட்காராது. வழுக்கி, தலையைத் தின்றுவிடும். அவர் கைபட்ட கேமராவில் ஸ்க்ரூ தலை மழுங்கியிருந்தால் எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரிய வேண்டாம். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் இரண்டு சின்னப் பள்ளம் இருக்கும், அதைச் சுற்றிக் கீறல் இருந்தாலும் அப்படித்தான்.

எதைச் செய்ய மாட்டேன் என்று சொல்கிறார் என்பதையும் கேளுங்கள். அப்பா அடிக்கடி சொன்ன பதில், "பூஞ்சையை எடுத்துத் தர்றேன், அது கோட்டிங்கைத் தின்ன தழும்பை எடுக்க முடியாது". இப்படி எல்லை சொல்பவரை நம்பலாம். "புதுசு மாதிரி" என்று சொன்ன அந்த ஊர்க்காரரை நீங்கள் தவிர்த்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

பணம்: திறந்து பார்க்க ஒரு கட்டணம், பார்த்த பிறகு வேலைக்குத் தனி விலை, அதற்கு உங்கள் சம்மதம், வேலை முடிந்து சோதித்த பிறகு மீதி. இதுதான் முறை. திறந்து பார்க்கும் கட்டணத்துக்குப் பேரம் பேசாதீர்கள். தோலை உரித்து, முன்தகட்டைக் கழற்றி, மறுபடி பூட்டுவது பாதி நாள் வேலை. மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், நல்லவர்கள் கேட்காமலே ஒரு கவரில் போட்டுக் கொடுப்பார்கள்.

---

நொய்யல் (கோவை)

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். கடை பெயர் வேண்டாம். இதே போன்ற ஒரு இரட்டை லென்ஸ் கேமராவைக் கொடுத்தேன். சீக்கிரமே வேலை முடிந்தது, எல்லா வேகமும் அருமையாக ஓடியது. கொஞ்ச நாளில் பழையபடி நின்றுவிட்டது, இந்த முறை 1/125-உம் சேர்ந்து நின்றது. வேறொரு மெக்கானிக் திறந்து காட்டினார். முன்கண்ணாடியை மட்டும் கழற்றி, பெட்ரோலை ஊற்றி அசைத்திருக்கிறார்கள். ஈரம் இருக்கும்வரை ஓடும். பெட்ரோல் ஆவியானதும், கரைந்த கிரீஸ் முழுவதும் பிளேடுகளில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். ஷட்டர் பிளேடு எண்ணெயே இல்லாமல் வறண்டு இருக்க வேண்டிய பொருள்.

எனவே "மெதுவான வேகங்களை எப்படிச் சரி செய்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். "அந்தக் கியர் தொகுதியைத் தனியாக வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, தண்டு முனைகளில் மட்டும் துளி எண்ணெய் வைப்பேன்" என்ற பொருளில் பதில் வந்தால் சரி. "கழுவி விட்டால் ஓடும்" என்றால் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

---

காவிரிக்கரை (கும்பகோணம்)

எல்லோருக்கும் நன்றி. நொய்யல், நீங்கள் சொன்னதைப் படித்ததும் அடுத்த கேள்வி வந்துவிட்டது. வேலை முடிந்து கையில் வாங்கியவுடன், சரியாகச் செய்திருக்கிறாரா என்று நான் எப்படிச் சோதிப்பது? என்னிடம் கருவி எதுவும் இல்லை.

---

இருட்டறை (சென்னை)

போன் போதும்.

1 நொடி, 1/2, 1/4: ஷட்டர் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, ஒலி எடிட் செய்யும் ஏதாவது ஒரு ஆப்பில் அலைவடிவத்தைப் பாருங்கள். திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் இடைவெளியை நேராக அளந்துவிடலாம்.

1/15 முதல் 1/60 வரை: நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் இருக்கும் போன் வேண்டும். பின்கதவைத் திறந்து, லென்ஸுக்கு எதிரே விளக்கு வைத்து, பின்னாலிருந்து எடுங்கள். வெளிச்சம் தெரியும் பிரேம்களை எண்ணுங்கள். 1/15-க்கு 16, 1/30-க்கு 8, 1/60-க்கு 4 வரவேண்டும். ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் இந்த முறை எடுபடாது. 1/500 ஏறக்குறைய எல்லாப் பழைய பிளேடு ஷட்டரிலும் கொஞ்சம் பின்தங்கும், அதற்காக மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அதைத் தாங்கும்.

ஒவ்வொரு வேகத்தையும் பலமுறை அடித்துப் பாருங்கள். எல்லா முறையும் ஒரே அளவு தாமதம் என்றால் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு படம் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு என்றால் உள்ளே சுத்தம் ஆகவில்லை.

இதைவிட முக்கியமான சோதனை ஃபோகஸ். மேல் லென்ஸில் பார்க்கிறோம், கீழ் லென்ஸில் எடுக்கிறோம். இரண்டும் ஒரே தகட்டில் சேர்ந்து நகர்கின்றன. பூஞ்சை எடுக்கக் கண்ணாடிகளைக் கழற்றிப் பூட்டும்போது அந்த ஒற்றுமை கெட்டுவிட வாய்ப்பு உண்டு. பார்க்கக் கூர்மையாக இருக்கும், நெகட்டிவ் மங்கலாக வரும். ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கமாக, தட்டையாக ஒட்டுங்கள். ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்து கேபிள் ரிலீஸால் திறந்து பிடியுங்கள், அப்பர்ச்சர் முழுதாகத் திறந்து எஃப்3.5. மேலே கோபுர உச்சியை ஃபோகஸ் செய்துவிட்டு, பின்னால் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து அதே உச்சி கூர்மையாக விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு செய்தித்தாளை வைத்து அதையே செய்யுங்கள். கும்பகோணத்தில் கோபுரத்துக்குப் பஞ்சமில்லை, நல்ல வசதி.

---

பழைய ஸ்பேனர் (மதுரை)

இருட்டறை சொன்ன ஃபோகஸ் சோதனையை மெக்கானிக்கிடமே முன்கூட்டிக் கேட்டுவிடலாம். "இரண்டு லென்ஸையும் எப்படி ஒத்துப்போக வைப்பீர்கள்?" என்று. பிம்பம் விழுந்து தெரியும் சொரசொரப்பான மங்கல் கண்ணாடித் துண்டு ஒன்றை, பழகித் தேய்ந்ததை, எடுத்துக் காட்டினால் அவரிடம் கொடுக்கலாம்.

வியூஃபைண்டர் கண்ணாடியை மறந்துவிட்டேன். அது முகப்பில் பூச்சு உள்ள கண்ணாடி, வீட்டுக் கண்ணாடி போலப் பின்னால் பூச்சு இல்லை. துணியால் அழுத்தித் துடைத்தால் பூச்சே உரிந்து வந்துவிடும். ஸ்க்ரீன் மங்கலாக இருக்கிறது என்று நீங்களும் துடைக்காதீர்கள், அவரிடமும் சொல்லி வையுங்கள்.

---

லிட்டில் இந்தியா (சிங்கப்பூர்)

மீட்டரைப் பற்றி. அதைச் சரிசெய்யப் பணம் கொடுக்காதீர்கள் என்பேன். முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். தொடர்பு முனையில் பச்சையாகப் படிந்திருந்தால் அதைச் சுத்தம் செய்தாலே முள் எழுந்துவிடலாம். காதுகேட்கும் கருவிக்குப் போடும் 675 பேட்டரி 1.4 வோல்ட், பழைய மெர்குரியின் 1.35-க்குக் கிட்டத்தட்ட சமம், கடைசிவரை அந்த அழுத்தம் குறையாது. அளவில் சிறியது, சுற்றிலும் ஒரு வளையம் வைத்தால் உட்காரும். ஒட்டியிருக்கும் தாளை உரித்துவிட்டால் சில மாதங்களில் தீர்ந்துவிடும், அவ்வளவுதான் குறை. 625 அளவில் கிடைக்கும் அல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் போகப் போகக் குறைந்துகொண்டே வரும், அளவு தப்பாகக் காட்டும்.

---

நொய்யல் (கோவை)

இதில் எனக்கு மாற்றுக்கருத்து. கேமரா எப்படியும் திறக்கப்படுகிறது. அப்போதே மீட்டரையும் பார்த்துவிடுவதுதான் மலிவு. பிறகு தனியாகத் திறக்க மறுபடி அதே கூலி. பெரியப்பா எப்படி எடுத்தாரோ அப்படியே அவர் பிள்ளையும் எடுக்கட்டுமே.

---

லிட்டில் இந்தியா (சிங்கப்பூர்)

பேட்டரி போட்டும் அசையாவிட்டால் பார்க்கச் சொல்லலாம், அது நியாயம். ஆனால் மீட்டரில் வெளிச்சத்தை உணரும் சிடிஎஸ் செல் வயதானால் சோர்ந்துவிடும். முள் ஆடினாலும் அது காட்டும் அளவை நம்பி ஒரு ரோலை வீணாக்க முடியாது. நல்ல வெயிலில் 400 ஃபிலிம், எஃப்16, 1/500 என்ற பழைய கணக்கு இன்றைக்கும் பொய்க்காது. நிழலுக்குப் போனில் மீட்டர் ஆப் இருக்கிறது.

ஆள் தேடும் விஷயத்தில், உள்ளூரில் கிடைக்காவிட்டால் கேமராச் சந்தைகள் பக்கம் விசாரியுங்கள். டெல்லி சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி, கொல்கத்தாவில் மெட்ரோ கலி. இங்கே சிங்கப்பூரில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் பழைய கேமராக் கடைகள். விற்பவரைக் கேட்காமல், அங்கே வாங்குகிற ஆட்களிடம் "நீங்கள் யாரிடம் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயர்க்காரர் பெரும்பாலும் கடைக்குப் பின்னால், மாடியில், போர்டே இல்லாமல் உட்கார்ந்திருப்பார். அவரிடம் மாதக்கணக்கில் வரிசை இருக்கும். காத்திருங்கள். நாளைக்கே தருகிறேன் என்பவரிடம் ஏன் யாருமே கேமரா கொடுக்கவில்லை என்று யோசிக்க வேண்டும்.

---

காவிரிக்கரை (கும்பகோணம்)

தனிச்செய்தியில் வந்த இரண்டு பேரிடமும் பேசினேன். முதல் ஆள் விலையில் ஆரம்பித்தார். இரண்டாமவர், வயதானவர், விலையே சொல்லவில்லை. "ஏற்கெனவே திறந்திருக்கா? முன்னால இருக்கிற தோல் ஓரம் தூக்கியிருக்கான்னு நகத்தால தொட்டுப் பாருங்கம்மா" என்றார். பார்த்தேன், ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது. பூஞ்சையின் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "தழும்பு இருக்கும்போல. வெயிலுக்கு எதிரா எடுத்தா கொஞ்சம் வெளுக்கும். அது போகாது, அதுக்குச் சம்மதம்னா அனுப்புங்க" என்றார். கியர் தொகுதியைக் கழற்றித்தான் செய்வாராம். 675 பேட்டரி போட்டுப் பார்க்கச் சொன்னார், முள் லேசாக அசைகிறது. அதை அப்படியே விட்டுவிடச் சொன்னதும் அவர்தான்.

அவருக்கு அனுப்பப் போகிறேன். நேரில் போக முடியாத தூரம். பார்சலில் அனுப்புவதில் கவனிக்க வேண்டியது என்ன?

---

பழைய ஸ்பேனர் (மதுரை)

நல்ல ஆள் கிடைத்துவிட்டார், சந்தோஷம்.

பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஷட்டரை ஏற்றிய நிலையில் அனுப்பாதீர்கள், 1/125-இல் ஒருமுறை அடித்துவிட்டு அப்படியே வையுங்கள். ஃபோகஸ் குமிழைத் திருப்பி லென்ஸ் தகட்டை முழுதாக உள்ளே இழுத்து, மூடியைப் போடுங்கள். பழைய தோல் உறையில் வைத்து அனுப்ப வேண்டாம். அந்தத் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சை வந்ததே அதனால்தான் இருக்கும். திரும்பி வந்த பிறகும் அதில் போடாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் வைத்தால் போதும்.

சீரியல் நம்பர், இரண்டு லென்ஸ், பின்பக்கம், ஸ்க்ரூ தலைகள் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கிராங்க் சுற்றுவதை வீடியோ எடுங்கள். குமிழித்தாளில் தாராளமாகச் சுற்றி, ஒரு டப்பாவுக்குள் இன்னொரு டப்பா, இடையில் காகிதம் கசக்கி அடையுங்கள். குலுக்கினால் எதுவும் அசையக் கூடாது. இன்ஷூர் செய்து அனுப்புங்கள். கோளாறுகளை ஒரு தாளில் உங்கள் கையால் எழுதி, உங்கள் போன் நம்பரோடு கேமராவுடனேயே வையுங்கள். மேஜையில் பத்துக் கேமரா வரிசையில் நிற்கும்போது, போனில் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்காது. அந்தத் தாள்தான் இருக்கும்.